முன்சீட்டில் உட்கார்ந்த பிரெட்

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவளுக்கு ‘அரை ஸ்பூன்’ என்று பட்டப்பெயர். இருமல் மருந்தை எப்படிக் குடிப்பது என்று யார் வந்து கேட்டாலும், “முதல்ல அரை ஸ்பூன் குடிங்க, உடம்பு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்” என்று ஜன்னலுக்குள்ளிருந்து சொல்லி அனுப்புவாள். அதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை. இருமலும் போனதில்லை.

வீட்டுக்குப் பிரெட் மெஷின் வந்த நாளிலிருந்து அந்தக் கொள்கை சமையலறையிலும் அமலுக்கு வந்தது. கூடவே வந்த கையேடு ஒரு ஸ்பூன் ஈஸ்ட் என்றது. அவள் அரை ஸ்பூன் போட்டாள். மைதா என்றது. மைதா குடலில் ஒட்டிக்கொள்ளும் என்று கோதுமை மாவு, தவிடு, ஓட்ஸ், ஆளி விதை என்று கைக்கு அகப்பட்ட நல்லதையெல்லாம் கொட்டினாள். மெஷின் பாவம், முக்கி முனகிப் பிசைந்து, வேகவைத்து, கடைசியில் கீச்சென்று ஒரு சத்தம் போடும். திறந்து பார்த்தால் பிரெட் எழும்பாமல், திட்டு வாங்கிய பிள்ளை போல டப்பாவின் அடியில் குப்புறப் படுத்திருக்கும்.

அவள் கணவர் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி கொடுப்பவர். காலுக்கடியில் தனி பிரேக் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவர். நடைபாதையில் காரை ஏற்றிய மாணவனிடமும் “நல்லாத்தான் ஓட்டுறீங்க” என்று முகம் மாறாமல் சொல்லுவார். முதல் பிரெட்டைக் கடித்தபோதும் அதே முகத்தோடு, “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லித் தொலைத்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் இன்றுவரை கடித்துக்கொண்டிருக்கிறார்.

மகள் பிசியோதெரபிஸ்ட். “அம்மா, இதைத் தாடைப் பயிற்சிக்கு என் பேஷன்ட்டுங்களுக்குக் குடுக்கலாம்” என்பாள்.

“சத்துள்ள பொருள் அப்படித்தான் இருக்கும். கடை பிரெட்ல என்னென்ன கலக்குறான்னு தெரிஞ்சா நீ இப்படிப் பேசமாட்டே.”

“தெரியலையே, அதனாலதானே நிம்மதியா சாப்பிட்டுட்டு இருந்தோம்” என்று கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்லுவார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் மகள் ஒரு நாள், தான் ஒரு பையனை விரும்புவதாகச் சொன்னாள். கழுத்து வலியோடு அவளிடம் சிகிச்சைக்கு வந்தவன். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் என்ஜினியர். நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கும் வேலை. வலி போன பிறகும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தானாம். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான்.

“அவங்கம்மா என்ன பண்றாங்க?” என்று கேட்டாள் அரை ஸ்பூன்.

“உணவுப் பாதுகாப்பு அதிகாரி.”

“அப்படின்னா?”

“பேக்கரி, ஹோட்டல் எல்லாம் போய் சோதனை போடுவாங்க. சாப்பாட்டுல ஆணி, கம்பி, முடின்னு ஏதாவது கிடந்தா கடைக்குப் பூட்டு போட்டுருவாங்க.”

அரை ஸ்பூனின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளும் அவள் சொன்ன சுத்தத்தை வீட்டில் எவரும் மதிக்கவில்லை. கடவுளாகப் பார்த்து ஒரு அதிகாரியைச் சம்பந்தியாக அனுப்புகிறார்.

சனிக்கிழமை மாலை அவர்கள் வந்தார்கள். பையன் நல்ல உயரம், சிரித்த முகம். அந்த அம்மாள் நெடுநெடுவென்று, நீலத் தோள்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு அளந்து பதில். தட்டில் வைத்ததைத் தொடவில்லை. “இப்பதான் சாப்பிட்டு வந்தோம்” என்றார். அவருடைய கண் மட்டும் சுவரில், ஜன்னல் கம்பியில், டம்ளரின் விளிம்பில் என்று ஓயாமல் நடை போட்டது.

அரை ஸ்பூன் தன் பெருமையை எடுத்து வைத்தாள். “எங்க வீட்ல கடை பிரெட் வாங்குறதே இல்லைங்க. நான்தான் செய்வேன்.”

அதிகாரி முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். “கையாலயா, மெஷின்லயா? மெஷின்னா நான் நம்பமாட்டேன். மாவு பிசையுற மெஷினுக்குள்ள நான் பார்த்ததையெல்லாம் சொன்னா இன்னைக்கு ராத்திரி யாரும் சாப்பிட மாட்டீங்க.”

“கையாலதாங்க. மெஷினா, சேச்சே.”

கணவருடைய வலது கால் தன்னையறியாமல் தரையை அழுத்தியது. ஆனால் வீட்டில் அவருக்குப் பிரேக் கிடையாது.

அவர்கள் கிளம்பும்போது அன்றைக்குச் செய்த பிரெட்டை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அதிகாரியின் கையில் கொடுத்தாள். கை சற்றுத் தாழ்ந்தது. “நல்ல கனம்” என்றார் அந்த அம்மாள். “யோசிச்சு நாளைக்கு முடிவு சொல்றேன்.”

மறுநாள் காலை அரை ஸ்பூன் வழக்கம்போல் மெஷினில் எல்லாவற்றையும் கொட்டி, பித்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து திறந்து பார்த்தால் போட்டது போட்டபடி கிடந்தது. மேலே தண்ணீர், கீழே மாவு. உள்ளே மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மாவுக்குள் கையை விட்டுத் துழாவினாள். அடியில் சிறு கம்பிதான் தட்டுப்பட்டது. அதன் மேல் இருக்கவேண்டிய பிளேடு இல்லை.

கட்டைவிரல் அளவு இரும்புத் துண்டு அது. மாவைப் பிசைவது அதுதான். பிரெட் வெந்ததும் சில சமயம் அடிப்பாகத்தில் புதைந்துகொண்டு கூடவே வந்துவிடும். வளைந்த கம்பி ஒன்றைவைத்து அவள் தோண்டி எடுப்பாள். நேற்று விருந்தாளிகள் வரும் பரபரப்பில் அடிப்பக்கத்தைப் பார்க்கவேயில்லை.

“என்னங்க, இங்க வாங்க.”

கணவர் வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். விஷயம் புரிய அவருக்கு நேரம் ஆகவில்லை. “இரும்பைப் பிடிச்சு ஃபைன் போடுற அம்மாவுக்கே இரும்பை வச்சுக் குடுத்திருக்கே. அதுவும் துணி சுத்தி.”

“உங்களுக்குக் கிண்டலா இருக்கா? மெஷின்ல செஞ்சதுன்னு அதுவே காட்டிக் குடுத்துரும். பொய் சொன்ன வீடுன்னு ஆயிரும். பொண்ணோட வாழ்க்கைங்க.”

மகள் வாசலில் பல் துலக்கியபடி நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் கணவரும் வாயை மூடிக்கொண்டார்.

“போன் பண்ணிப் பாரும்மா” என்றாள் மகள். “வெட்டலைன்னா எப்படியாவது நான் அவர்கிட்ட சொல்லித் திரும்ப வாங்கிடறேன்.”

அரை ஸ்பூன் தொண்டையைச் செருமிக்கொண்டு அழைத்தாள். “மேடம், நல்லாயிருக்கீங்களா? ஒண்ணுமில்ல, பிரெட் எப்படி இருந்துச்சுன்னு கேட்கலாம்னு...”

“அருமைங்க. நேத்தே முடிச்சிட்டோம்.”

“முழுசுமா?”

“ஒரு துண்டு மிச்சமில்லை.”

“அந்த அடிப்பாகம் கொஞ்சம்... கெட்டியா இருந்திருக்குமே மேடம்?”

“அடிப்பாகம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது” என்றார் அதிகாரி. “சொல்லப்போனா நீங்க கையால பிசையுறதை ஒருதடவை நேர்ல பார்க்கணும்னு ஆசையா இருக்கு. முடிவையும் நேர்லயே சொல்லிடறேன். சாயங்காலம் வரட்டுமா?”

போனை வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள். “கிடைச்சிருச்சுங்க. அடிப்பாகம்தான் பிடிச்சுதாம். ஊசி குத்துற மாதிரி சொல்றாங்க. பிளேடை ஒரு பிளாஸ்டிக் பைல போட்டு, தேதி எழுதி வச்சிருப்பாங்க.”

“இல்லைன்னா சாப்பிடாமலே சாப்பிட்டேன்னு சொல்றாங்க” என்றார் கணவர். “அப்படின்னா இன்னும் நல்லது. ரெண்டு குடும்பமும் சரியாப் பொருந்தும்.”

“அவங்க பொய் சொல்ற ஆளா? முகத்தைப் பார்த்தாலே தெரியலையா?”

“உன் முகத்தைப் பார்த்தாக்கூடத் தெரியாது.”

அதற்குமேல் அவர் பேச இடம் தரப்படவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பயிற்சிக் காரின் டிக்கியில் ஒளித்துவைக்கும் வேலை அவருக்கு. அம்மாவுக்கு மாவு பிசையக் கற்றுக்கொடுக்கும் வேலை மகளுக்கு. கற்றுக்கொடுப்பவளுக்கும் பிசையத் தெரியாது. ஆனால் தசையைப் பற்றித் தெரியும்.

“மணிக்கட்டால அழுத்தாதேம்மா, தோள்ல இருந்து வா. முதுகை நேரா வை. மூச்சை விடு.”

“மாவு பிசையுறேனா, பிள்ளை பெத்துக்கிறேனா?”

மதியத்துக்குள் அவளுக்குக் கை தூக்க முடியவில்லை. மகள் களிம்பு தடவிவிட்டாள். தடவும்போது மெல்லக் கேட்டாள், “வேண்டாம்னு சொல்லிடுவாங்களாம்மா?”

இத்தனை நேரம் தன் மானம் போகிறதே என்று தவித்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் நெஞ்சில் எதுவோ இறங்கியது. கேலி பேசியே பழகிய பெண் இப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை. “அதெல்லாம் சொல்லமாட்டாங்க” என்றாள். சொன்ன குரலை அவளே நம்பவில்லை.

மாலை வெயில் சாயும் நேரத்தில் அவர்களுடைய கார் வந்து நின்றது. அதிகாரி பின்சீட்டிலிருந்து இறங்கினார். ஆபீஸ் ஜீப்பில் பழகிய வழக்கம். மகன் ஓட்டினாலும் பின்சீட்டுதான். பையன் காரைச் சரியாக ஓரம்கட்டக் கணவர் உதவிக்குப் போனார். அதிகாரி மாடியேறி நேராகச் சமையலறை வாசலில் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் எத்தனையோ சமையலறை வாசல்களில் அப்படி நின்றவர்தான்.

மாவை அளந்தாள். உப்பு போட்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைக்க அரை ஸ்பூன் எடுத்தாள்.

“அவ்வளவுதானா?” என்றார் அதிகாரி.

“போதுங்க மேடம். எதையும் கம்மியா ஆரம்பிக்கிறது நல்லது.”

“ஆரம்பிக்கிறதுக்கு இது மருந்தா? இந்த மாவுக்கு இது எந்த மூலைக்கு? எந்தப் பேக்கரியிலும் இப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. இன்னொரு அரை போடுங்க. அந்தத் தவிட்டை எல்லாம் கொட்டாதீங்க. குதிரைக்கா குடுக்கப் போறீங்க?”

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். மகள் சுவரைப் பார்த்தாள். அரை ஸ்பூன் இன்னொரு அரையைப் போட்டாள். வாழ்க்கையில் முதல் முறை.

பிசைந்தாள். தோளிலிருந்து வந்தாள், மூச்சை விட்டாள். மாவு விரல்களிலெல்லாம் அப்பிக்கொண்டு வரமாட்டேன் என்றது. வலியில் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக அது திரண்டு, வழவழவென்று உருண்டு, அழுத்தினால் திரும்ப எழும்பியது. மெஷினுக்குள் நடந்துகொண்டிருந்ததை அவள் இப்போதுதான் தன் கையில் பார்த்தாள். துணி போட்டு மூடிவைத்துவிட்டு, சாதித்த களைப்போடு நிமிர்ந்தாள்.

அதிகாரியின் கண் அடுப்பைப் பார்த்தது. மேடையைப் பார்த்தது. அலமாரி, ஜன்னல், மூலை என்று ஒரு சுற்று போய்வந்தது.

“எல்லாம் சரி” என்றார். “இதை எதுல சுடுவீங்க? ஓவன் எங்கே?”

வீட்டில் ஓவன் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. பிசைவதற்குப் பொய் தயார் செய்தவள், சுடுவதற்குத் தயார் செய்யவில்லை. காலையிலிருந்து மூன்று பேர் மூளையைக் கசக்கியும் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை.

‘பக்கத்து வீட்ல ஓவன் இருக்கு’ என்று ஒரு பொய் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் மகளின் முகம் கண்ணில் பட்டது. இந்தப் பொய்களையெல்லாம் இந்தப் பெண் அந்த வீட்டுக்குள் சுமந்துகொண்டு போய், ஆயுளுக்கும் காத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

“ஓவன் இல்லைங்க” என்றாள். “மெஷின்தான். நேத்து குடுத்ததும் மெஷின்ல செஞ்சதுதான். கீழே எங்க காரோட டிக்கியில ஒளிச்சு வச்சிருக்கோம். என் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, பொய் என்னோடது.” ஆரம்பித்துவிட்டதால் மீதியும் தானாக வந்தது. “அதோட பிளேடு நீங்க கொண்டுபோன பிரெட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு. அடிப்பாகத்துல. உங்ககிட்ட கிடைச்சிருக்கும். என்ன நடவடிக்கை எடுக்கணுமோ எடுங்க, ஆனா என்மேல எடுங்க.”

அவள் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. அதிகாரியின் முகம் மெல்லச் சிவந்தது. அவர் தோள்பையின் வாரைத் திருகினார். கடைக்காரர்கள் அவர் முன்னால் எப்படி நிற்பார்களோ, அப்படி நின்றார்.

“அடிப்பாகத்துலயா?” என்றார்.

“நீங்கதானே மேடம் பிடிச்சிருந்துச்சுன்னு சொன்னீங்க.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கணவரும் பையனும் உள்ளே வந்தார்கள். கணவரின் கைகளில், சனிக்கிழமை சுற்றிக்கொடுத்த அதே வெள்ளைத் துணியில், முடிச்சுகூட அவிழாமல் அந்தப் பிரெட்.

“முன்சீட்டுல உட்கார்ந்திருந்துச்சு” என்றார் அவர், முகம் மாறாமல். “பெல்ட் போட்டு.”

“பெல்ட்டா?” என்றாள் மகள்.

பையன் தலையைச் சொறிந்தான். “நேத்து முன்சீட்டுல வச்சோம் ஆன்ட்டி. கார் நகர்ந்ததும் கீங் கீங்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. கனத்தை வச்சு, சீட்ல ஆள் உட்கார்ந்திருக்கு, பெல்ட் போடலைன்னு நினைச்சிருச்சு. எங்க காருக்குக் கொஞ்சம் சந்தேக புத்தி. பெல்ட் போட்ட பிறகுதான் நிறுத்துச்சு. இறக்கிவைக்க மறந்துட்டேன்.”

“மறக்கலை” என்றார் அதிகாரி. “நான்தான் விட்டுவைக்கச் சொன்னேன்.”

அவர் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அதிகாரி போய் ஒரு அம்மாதான் மிச்சம் இருந்தார். “இந்த வேலைக்கு வந்தப்புறம் என்னால யார் வீட்லயும் எதையும் வாயில வைக்க முடியலைங்க. கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போனாக்கூட என் தண்ணி பாட்டில்தான். எதைப் பார்த்தாலும் அதுக்குள்ள என்ன கிடக்குமோன்னுதான் தோணும். முன்னாடி இவனுக்கு ஒரு வீட்ல பேசினோம். குடுத்த பலகாரத்தைப் பத்தி மனசுல பட்டதைச் சொல்லிட்டேன். அந்த இடம் அதோட போச்சு. அதனால இந்தத் தடவை இவன் என்னை நல்லா மிரட்டிக் கூட்டிட்டு வந்தான்.”

“மிரட்டலைம்மா. என்ன குடுத்தாலும் நல்லாயிருக்குன்னு மட்டும் சொல்லுங்கன்னு கெஞ்சினேன்.”

“சொன்னேன். இவங்க அடிப்பாகம் வரைக்கும் கேட்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

முதலில் சிரித்தது மகள்தான். அதைப் பார்த்துப் பையன். அரை ஸ்பூனுக்குச் சிரிப்பதா, இத்தனை ஆசையாகக் கொடுத்தது சீட்டில் கிடந்ததே என்று கோபித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தாள்.

கணவர் காரின் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்து பிரெட்டைக் கவிழ்த்துப் போட்டு, பிளேடை நெம்பி எடுத்தார். பஞ்சர் பார்ப்பவர் ஆணியைக் காட்டுவதுபோல் எல்லோருக்கும் காட்டினார். “இதைத் தவிர உள்ளே எதுவும் தப்பா இல்லை. ஆனா ஒண்ணு சொல்லணும். இதையே நாங்க இத்தனை மாசமாச் சாப்பிட்டுட்டு இருக்கோம்.”

“நல்லாயிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றாள் அரை ஸ்பூன்.

“அது டிரைவிங் ஸ்கூல் பழக்கம்.”

அவள் அவரை ஒரு முறை முறைத்தாள். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்து, இதுதான் வீடு என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள்.

மெஷின் டிக்கியிலிருந்து மாடியேறி வந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் துணியை விலக்கினால் மாவு இரண்டு மடங்காக எழும்பி, பாத்திரத்தின் விளிம்பைத் தள்ளிக்கொண்டு நின்றது. “ஐயோ, என்னங்க இது” என்று பயந்துபோனாள் அவள். “இப்படித்தான் வரணும்” என்றார் அதிகாரி. மாவை டப்பாவில் போட்டு, பிசைய வேண்டாம், சுட்டால் போதும் என்கிற பித்தானைத் தேடி அழுத்தினார்கள். அந்தப் பித்தான் இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரியும்.

பிரெட் வேகும்வரை எல்லோரும் சமையலறையிலேயே நின்றிருந்தார்கள். கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பையன் தனக்குக் கழுத்து மறுபடி வலிப்பதாகச் சொன்னான். “எல்லார் முன்னாடியுமா?” என்று மகள் அதட்டினாள்.

மெஷின் கீச்சென்றது. பொன்னிறமாய், தலை புடைத்து வெளியே வந்தது பிரெட். ஆறுவதற்குள் கணவர் கத்தியைக் கொண்டுவந்துவிட்டார். முதல் துண்டை அரை ஸ்பூன் தட்டில் வைத்து அதிகாரியின் முன்னால் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் அவர் சொன்னது நினைவு வந்தது. “கட்டாயமில்லைங்க. நீங்க சாப்பிடலைன்னா நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

அதிகாரி துண்டை எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். “ஆரம்பத்திலேருந்து கடைசி வரைக்கும் என் கண்ணாலயே பார்த்திருக்கேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொல்லிவிட்டு, ஒரு ஓரத்தைக் கடித்தார். மென்றார். பையன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, சம்பந்தி” என்றார்.

அரை ஸ்பூன் மருந்தக ஜன்னலில் எத்தனையோ பேருடைய நன்றியைக் கேட்டவள். எதற்கும் இப்படிக் கண் நிறைந்ததில்லை. “அடுத்த தடவை குறைச்சுப் போடறேன்” என்றாள்.

“அரை ஸ்பூனா?” என்றார் கணவர்.

இருட்டிய பிறகுதான் அவர்கள் கிளம்பினார்கள். மிச்சமிருந்த பாதிப் பிரெட்டைச் சம்பந்தியே கேட்டு வாங்கிக்கொண்டார். வழக்கம்போல் பின்சீட்டில் ஏறினார். பையன் பிரெட்டை முன்சீட்டில் வைத்து, பெல்ட்டை எடுக்கக் கையை நீட்டினான்.

“இரு தம்பி” என்றார் கணவர், ஜன்னலில் குனிந்து. “போடாம கொஞ்சம் ஓட்டிப் பாரு.”

கார் நகர்ந்தது. தெருமுனை வரை மெல்லப் போனது. வாசலில் நின்ற மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கார் திரும்பி மறைந்தது. எந்தச் சத்தமும் வரவில்லை.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் அவர்.

அவள் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை அது மாறியிருந்தது.